கோப்பில் ஆள் இருக்கிறார், வளவு இல்லை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பிரதேச செயலாளர்களுக்கும், பிரதேச செயலகங்களில் கடமையாற்றும் சமூக சேவை, சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு, மகளிர் அபிவிருத்தி, உளவளத்துணை, நன்னடத்தை உத்தியோகத்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

பதினான்கு வயதுப் பையன் இரண்டு மாதமாகப் பாடசாலைக்கு வரவில்லை என்று மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து ஓர் அதிபரின் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய்த் திரும்பி எழுதுகிறார்: தகப்பனுக்குக் குடிப்பழக்கம், தாய்க்குப் படிப்பில் அக்கறை போதாது, பையன் குழப்படிக்காரன். விதப்புரை: பெற்றோருக்கு ஆலோசனை, பிள்ளைக்குப் பையும் கொப்பியும். பை போய்ச் சேரும். பையன் போக மாட்டான். அடுத்த ஆண்டு அதே மாதம் அதே அதிபரிடமிருந்து இன்னொரு பையனைப் பற்றிக் கடிதம் வரும்.

அந்தக் கோப்பில் ஏறாமல் போனவை எவை? வராத இரண்டு மாதமும் மாசியும் பங்குனியும், அதாவது பெரும்போக அறுவடைக் காலம். வெட்டு மிசின் வந்த பின்னும் நெல் காயப்போட, மூடை ஏற்ற, இரவில் யானைக்குக் காவல் இருக்க வயல்வெளியான வட்டைக்கு ஆள் வேண்டும். குடும்பம் வயற் குடிசையான வாடியில் தங்கிவிட்டது. மூத்த அக்காவுக்குக் கலியாணம் பேசியாயிற்று. குடும்பத்தின் வீட்டு நிலமான வளவில் அவளுக்கான வீடு யன்னல் மட்டத்தில் நிற்கிறது. தாய் இரண்டு இடத்தில் கிழமைக் கடன் எடுத்திருக்கிறார். பையனின் நாட்கூலி அதில் ஒரு கடனின் தவணை. இவற்றில் எதுவும் மறைவானதல்ல. வீட்டுக்குப் போன உத்தியோகத்தர் பாதிச் சுவரைத் தாண்டித்தான் உள்ளே போயிருப்பார். படிவத்தில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

கட்டாயக் கல்வி 16 வயது வரை. 2021 முதல் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 16. ஆகவே சட்டம் கையில் இருக்கிறது. ஆனால் யாரிடம் எதைக் கேட்பது என்பதைச் சட்டம் சொல்லித் தராது. அதற்குத்தான் சமூகவியல் பார்வை வேண்டும் என்கிறோம். பட்டப் படிப்பில் பரீட்சைக்கு எழுதிவிட்டு மறக்கும் கோட்பாடாக அல்ல, வீட்டுத் தரிசிப்பிலும் விதப்புரையிலும் பயன்படும் கருவியாக.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். ஒருவரின் சொந்தத் தொல்லை ஒன்று, பொதுப் பிரச்சினை இன்னொன்று. ஊரில் ஒருவருக்கு வேலை இல்லையென்றால் அவருடைய திறமையை, பழக்கத்தைப் பார்க்கலாம். பாதி ஊருக்கு வேலை இல்லையென்றால் ஆளாளுக்கு ஆலோசனை சொல்வதில் பயனில்லை. இலங்கையிலேயே இதற்கு உலகம் எடுத்துப் பேசும் சான்று உண்டு. 1995இல் இங்கு தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47. பத்தாண்டில் அது பாதியாகியது. அந்த இறக்கத்தில் மிகப் பெரிய பங்கு, கடும் நச்சுப் பூச்சிக்கொல்லிகளுக்கு 1995இலும் எண்டோசல்பானுக்கு 1998இலும் விதிக்கப்பட்ட தடைகளுக்கு உரியது என்று ஆய்வுகள் காட்டின. மனிதர்களின் துயரம் அந்தப் பத்தாண்டில் பாதியாகிவிடவில்லை. வீட்டுக் கோடியில் எது வைக்கப்பட்டிருந்தது என்பது மாறியது. உளவளத்துணை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அது எட்டாத இடத்தை ஒரு விதி எட்டியது.

இனி நமது மண்ணுக்கு வருவோம். வாவிக்குக் கிழக்கே கடற்பக்கமான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரையிலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடு பெண்ணுக்குரியது. கலியாணத்தோடு மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். மகளுக்கு வீட்டைக் கொடுத்த தாய் தகப்பன் அதே வளவில் பின்னால் ஒரு சிறு வீடு போட்டு ஒதுங்குகிறார்கள், அல்லது அடுத்த மகளுக்கான வீட்டைத் தொடங்குகிறார்கள். ‘குடி’ எனப்படும் குலம் தாய்வழியில் வருகிறது. கோயில் திருவிழாவில் யாருக்கு எந்த முறை என்பதுவரை அது செல்லும். இது தெரியாத உத்தியோகத்தர் இங்கே இல்லை. தங்கள் வீட்டிலும் இதுதானே நடக்கிறது. ஆனால் மேசைக்கு வந்ததும் படிவம் கேட்கிறது: குடும்பத் தலைவர் யார்? பேனை தானாகவே ஆணின் பெயரை எழுதுகிறது.

இந்த ஒரு கட்டத்தால் விளைந்த கேட்டைச் சுனாமிக்குப் பின் கண்டோம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் கணிசமானவை கணவனின் பெயரில் எழுதப்பட்டன. இறந்த மனைவியின் சீதன வளவு கடலோரத் தடை வலயத்துக்குள் போயிற்று. புதிய வீட்டின் பத்திரம் கணவனிடம். அவர் மறுமணம் செய்தபோது, முதல் மனைவியின் பெண்பிள்ளைகளுக்குத் தாய்வழி வந்திருக்க வேண்டிய வீட்டின் நிலை என்ன? அம்மம்மாவுக்கு அந்த வீட்டில் என்ன இடம்? இவை பின்னர் ‘குடும்பத் தகராறு’ என்ற தலைப்பில் கோப்புகளாக வந்தன. தகராறு குடும்பத்தில் பிறந்ததல்ல, பயனாளிப் பட்டியலில் பிறந்தது.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியில் இது இன்னும் சிக்கல். படுவான்கரையில் பெருமளவு குடியிருப்பு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரை நியமிக்காமல் உரித்தாளர் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்ற விதி அதில் நீண்ட காலம் இருந்து 2022இல்தான் திருத்தப்பட்டது. வாய்ப்பேச்சில் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு, பத்திரத்தில் தகப்பன் பெயரிலேயே கிடக்கும். எனவே ஒரு பெண்ணின் கோப்பைத் திறந்ததும், அவர் இருக்கும் நிலம் உறுதிக் காணியா, பெர்மிட்டா, யார் பெயரில், பின்னுரித்து எழுதப்பட்டதா என்ற நான்கையும் குறியுங்கள். விடை உங்கள் கட்டடத்திலேயே, காணிக் கிளையில் இருக்கிறது. கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. எழுந்து போய்க் கேட்டால் போதும்.

வீட்டு வன்முறைக் கோப்புகளில் இந்தத் தகவல் முழு வழியையும் மாற்றும். அடிபட்ட பெண்ணை வெளியேற்றிப் பாதுகாப்பு இல்லத்தில் சேர்ப்பது என்பது கணவன் வீட்டில் மனைவி வாழும் சமூகங்களை மனதில் வைத்து எழுந்த வழி. இங்கே வீடு அவளுடையது. பிள்ளைகளின் பாடசாலை, தாய், சகோதரிகள், கோழி, கிணறு எல்லாம் அங்கே. அவளை வெளியே கொண்டுபோனால் அடித்தவர் வீட்டில் இருக்க, அடிபட்டவர் அகதியாகிறார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், துன்புறுத்துபவர் வதிவிடத்துக்குள் நுழைவதையே நீதவான் தடை செய்யலாம். இடைக்காலக் கட்டளை 14 நாட்களுக்கு, பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை. கட்டளை பின்பற்றப்படுகிறதா என்று கண்காணித்து அறிக்கையிட, சமூகப் பணியாளரையோ நன்னடத்தை அல்லது சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையோ நீதிமன்றம் பணிக்கலாம். ஆகவே முதற் கேள்வி “எங்கே போகப் போகிறீர்கள்?” என்பதல்ல. “வீடு யாருடையது, யார் வெளியேற வேண்டும்?” என்பதே. உயிராபத்து இருந்தால் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை. 1938 என்ற மகளிர் உதவித் தொலைபேசி, பொலிஸ், வைத்தியசாலை என்று உடனே போக வேண்டும். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை.

தாய்வழி வளவு பெண்ணுக்கு அரண் என்று மட்டும் எழுதிவிடவும் முடியாது. அடி விழும் சத்தம் தாய்க்கும் சகோதரிக்கும் கேட்கும், ஓடி வருவார்கள். ஆனால் தங்கை கலியாணத்துக்கு நிற்கிறாள் என்றால், “பொறுத்துப்போ” என்று சொல்வதும் அதே தாய்தான். தாய்மாமன் சமரசம் பேச வருவார். அவர் வந்தால் நல்லதா கெட்டதா என்பது அவர் எந்தப் பக்கத்துக்குக் கடன்பட்டவர் என்பதைப் பொறுத்தது. எனவே கோப்பில் வளவின் வரைபடம் ஒன்று வரைந்து, அதில் ஆளை மட்டுமன்றி, யார் யாரைச் சார்ந்து நிற்கிறார் என்பதையும் கோடிட வேண்டும். காசு, வேலை, நிலம், பிள்ளை பார்த்தல் என்ற நான்கும் எந்தத் திசையில் போகின்றன என்று அம்புக்குறி போட்டால் போதும். கால் மணி நேர வேலை. பக்கம் நிறைய எழுதிய விவரணத்தைவிட அந்தப் படம் அதிகம் சொல்லும்.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் தாய்மாரின் கோப்புகளும் இதே வளவுக்குத்தான் வந்து சேர்கின்றன. 2013இல் தொடங்கிய குடும்பப் பின்னணி அறிக்கை 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாயைத் தடுத்தது. 2022இல் அந்த வயது 2 ஆகக் குறைக்கப்பட்டது. எந்த வயதென்றாலும் அறிக்கையின் உள்ளெண்ணம் ஒன்றே: தாய் போனால் பிள்ளை தனித்துப்போகும். அம்மம்மாவும் சின்னம்மாவும் ஒரே வளவில் இருக்கும் இடத்தில் அது அப்படியே பொருந்தாது. இங்கே கேட்க வேண்டியவை வேறு. அனுப்பும் காசு யார் கைக்கு வரும், தகப்பன் கணக்குக்கா அம்மம்மா கணக்குக்கா? அம்மம்மாவுக்கு வயதென்ன, நோயென்ன? சின்னம்மாவும் போகத் திட்டமா? ஒரே வளவில் இரண்டு பெண்கள் போனால் கிழவி ஒருத்தியின் தலையில் ஐந்தாறு பிள்ளைகள். போவதற்குக் காரணம் மகளின் வீடு என்றால், “போகாதீர்கள்” என்ற ஆலோசனை காற்றில் போகும். வீடு முடியும் வழி எது என்று பேசத் தொடங்கினால்தான் அவர் உட்கார்ந்து கேட்பார்.

கடனும் அப்படியே. குழுக் கடனில் ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் அயல் வீட்டுக்காரியே வசூலிப்பவளாகிறாள். குழுத் தலைவியின் வீட்டு முற்றத்தில் கிழமைக்கு ஒருமுறை கூட்டம் நடக்கும் ஊரில், யார் யாரோடு பேசுவதில்லை என்பதற்குப் பழைய பகை காரணமாக இருக்காது. போன மாதத் தவணை காரணமாக இருக்கும். ஒருத்திக்கு மூன்று நிறுவனம், ஒன்றை அடைக்க இன்னொன்று. 2018இல் வறட்சி மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தபோதே இது தனியாளின் சிக்கனக் குறைவு அல்ல என்பது ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. பிறகும் நாம் ‘நிதி முகாமைத்துவ’ வகுப்பு நடத்துகிறோம். கையில் வரும் காசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தவணை கிழமைக்கு ஒருமுறை என்றால் எந்த வகுப்பு அந்தக் கணக்கைச் சரிசெய்யும்?

அதனால் கோப்பில் ஒரு நாட்காட்டி கட்டாயம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்புச் செலவு, நகை அடகுக்குப் போகும். வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும், கரைவலைக்காரருக்கும் வள்ளக்காரருக்கும் வருமானம் அறும். வெள்ளம் வந்தால் படுவான்கரையில் போக்குவரத்து நிற்கும். மாசி, பங்குனியில் நெல் வரும், அதே நேரம் விலை விழும். குடும்பச் சண்டை, இடைவிலகல், பிள்ளையை விடுதியில் சேர்க்கச் சொல்லி வரும் விண்ணப்பம் ஆகியவற்றை மாத வாரியாக ஒரு தாளில் புள்ளியிட்டுப் பாருங்கள். மூன்று ஆண்டுக் கோப்புகள் இருந்தாலே போதும், புள்ளிகளின் குவியல் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். எங்கும் விழாவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

அஸ்வெசும பற்றி ஒரு சொல். 2023இல் வந்த இந்த அரச நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் 6 பரிமாணங்களில் 22 சுட்டிகளால் வீட்டை அளக்கிறது. அளவுகோல் கொழும்பில் தீர்மானிக்கப்படுவது, அதை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் ஒரே வளவில், ஒரே மின்மானியில் மூன்று அடுப்பு எரிகிறது என்பதை மேன்முறையீட்டில் எழுதுவது உங்கள் கையில். எழுதாவிட்டால் மூன்று ஏழைக் குடும்பங்கள் தாளில் ஒரு வசதியான குடும்பமாகத் தெரியும்.

பயனாளிப் பட்டியலில் யார் ஏறுகிறார் என்பது பற்றிப் பேசாமல் விட முடியாது. ஊருக்குப் போனால் கூட்டம் கூட்டித் தருபவர்கள் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் நிருவாகம், கடற்றொழிலாளர் சங்கம். அவர்கள் வேண்டும், அவர்களின்றி ஒரு பாயும் விரிக்க முடியாது. ஆனால் காலை பத்து மணிக் கூட்டத்துக்கு வருபவர் யார்? கூலிக்குப் போகாதவர். சங்கத்துக்குச் சந்தா கட்டியவர். வீதியோரத்தில் வீடுள்ளவர். கோயிலில் முறை இல்லாத பகுதியார், சேனைப் பக்கம் குடியிருப்போர், கணவன் விட்டுப்போன இளம்பெண் வரமாட்டார்கள். இதற்கு மருந்து எளிது, சோம்பல்தான் தடை. கூட்டம் முடிந்த பிறகு வீதியின் கடைசி வீடுகளில் ஐந்துக்குப் போங்கள், மாலை ஐந்து மணிக்குப் பிறகு. குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வீடும் அவருடைய பதிவேட்டில் இருக்கும். மரண உதவிச் சங்கத்தில் யார் இல்லை என்று கேளுங்கள். ஊர் யாரை ஊராகக் கருதவில்லை என்பது அந்தக் கேள்வியில் தெரிந்துவிடும்.

எச்சரிக்கைகளும் உண்டு. சமூகவியல் என்ற பெயரில் நடக்கும் முதல் தவறு, “இந்த ஊர் ஆக்கள் அப்படித்தான்” என்பது. அது விளக்கமல்ல, கோப்பை மூடும் வழி. இள வயதுத் திருமணம் ‘கலாசாரம்’ என்று எழுதும் விதப்புரையைப் பார்க்கிறோம். பக்கத்துப் பிரிவில் அதே கலாசாரத்தில் ஏன் குறைவு என்று கேட்டிருந்தால், சாதாரண தரத்துக்குப் பிறகு பெண்பிள்ளை பயணிக்கப் பஸ் இருக்கிறதா, இல்லையா என்ற இடத்துக்குப் பேச்சு வந்திருக்கும். இரண்டாவது தவறு, கூட்டத்தின் போக்கைத் தனியாள்மேல் ஏற்றுவது. கடன்பட்ட குடும்பங்களில் இடைவிலகல் கூடுதலாக இருக்கலாம், ஆனால் உங்கள் முன் இருக்கும் பிள்ளை அதனால்தான் வரவில்லை என்று அது நிறுவாது. வகுப்பில் அடி விழுந்ததால் வராதிருக்கலாம். கேட்டுத்தான் அறிய வேண்டும். மூன்றாவது, அடிபட்டு வந்தவரிடம் சமூக அமைப்பைப் பற்றிப் பிரசங்கிப்பது. அவருக்கு அன்றைக்கு வேண்டியது பூட்டக்கூடிய கதவு.

குடி, சாதி விவரங்களைக் கோப்பில் கட்டமிட்டு நிரப்பச் சொல்லவில்லை. வேண்டவே வேண்டாம். யார் யாருக்கு உதவுகிறார் என்ற அம்புக்குறி போதும். கோப்பு நாலு மேசை தாண்டும். சிறிய ஊரில் குடிப் பெயரும் தெருவும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாங்கள் கேட்பது இரண்டு. முதலாவது, ஒவ்வொரு புதிய கோப்பின் முன்னும் ஒரு பக்கத் தாள். அதில் வளவின் படம், நிலத்தின் நான்கு விவரம், 12 மாத வருமான நாட்காட்டி, கடன்களும் தவணை நாளும், வீட்டுக்கு மாதந்தோறும் வந்துபோகும் அரச, தனியார் ஆட்கள். கடைசியில் ஒரு வரி: இந்தப் பிரிவில் இதே போன்ற கோப்பு வேறு உண்டா? முதல் தரிசிப்பிலேயே எல்லாவற்றையும் நிரப்ப முயல வேண்டாம். கடன் விவரம் முதல் நாளில் எவரும் சொல்லார். இரண்டாம், மூன்றாம் தரிசிப்புக்கு அதை விடுங்கள். நிரப்பாத கட்டத்தைக் குற்றமாக எண்ணும் மேற்பார்வையாளர் இருந்தால், உத்தியோகத்தர் பொய்யாக நிரப்புவார். அத்தோடு தாள் செத்துவிடும்.

இரண்டாவது, மாதத்தில் ஒரு தடவை ஒன்றரை மணி நேரம், எல்லா மேசையும் ஒன்றாக உட்கார்வது. பிரதேச சிறுவர் அபிவிருத்திக் குழுக் கூட்டத்தோடு இதை ஒட்டாதீர்கள். அங்கே முன்னேற்ற அறிக்கை வாசிப்பதிலேயே நேரம் போய்விடும். ஆளுக்கு மூன்று தாள், பெயர் மறைத்து. ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலிருந்து ஒரே வகையில் மூன்று தாள் வந்தால் அது தனிக் கோப்பாக முடியக் கூடாது. அதைப் பொதுப் பிரச்சினையாக எழுதி, உரிய இடத்துக்குப் பிரதேச செயலாளர் கையொப்பத்தோடு அனுப்ப வேண்டும். பஸ் என்றால் போக்குவரத்துச் சபைக்கு, தவணை நாள் என்றால் கடன் நிறுவனத்தின் மாவட்டக் கிளைக்கு, அறுவடைக் கால வரவு என்றால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. ‘ஆவன செய்யவும்’ என்று முடியும் கடிதத்துக்குப் பதில் வராது. எத்தனை பிள்ளை, எந்த மாதம், எத்தனை மணிக்கு எந்தத் தடத்தில் பஸ் வேண்டும் என்று எழுதினால் பதில் எழுதாமல் இருப்பது கடினம்.

உத்தியோகத்தர் ஒருவர் எத்தனை கிராமம் பார்க்கிறார், எரிபொருளுக்கு என்ன கிடைக்கிறது என்பதெல்லாம் தெரிந்தேதான் இதைக் கேட்கிறோம். தாள் கூடுவதால் வேறொரு தாள் குறைய வேண்டும். இப்போது ஒரே குடும்பத்தின் விவரத்தை மூன்று மேசைகள் மூன்று படிவத்தில் தனித்தனியாக எழுதுகின்றன. முகப்புத் தாளை ஒருவர் எழுத, மற்ற இருவர் பார்க்க அனுமதிக்கும் உள்ளகச் சுற்றறிக்கை ஒன்றே அந்தச் சுமையைக் குறைக்கும். அதை வெளியிட அமைச்சு தேவையில்லை, பிரதேச செயலாளரின் கையொப்பம் போதும். இடமாற்றத்தில் உத்தியோகத்தர் போனாலும் தாள் நிற்கும்.

மட்டக்களப்பின் 14 பிரிவுகளில் எழுவான்கரையில் ஒன்று, படுவான்கரையில் ஒன்று, அம்பாறையின் கரையோரத்தில் ஒன்று என மூன்று பிரிவுகளில் ஒரு போகம் முழுக்க, புரட்டாதி தொடங்கிச் சித்திரை வரை, செய்து பார்க்கலாம். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் சமூகவியல் படிக்கும் இறுதியாண்டு மாணவரைப் புள்ளியிடும் வேலைக்கு எடுக்கலாம், கோப்பைத் தொடும் வேலைக்கு அல்ல. தாளின் மாதிரியைத் தமிழில் தட்டச்சுச் செய்து தரவும், முதல் இரண்டு மாத அமர்வுகளில் கூட இருந்து உதவவும் நாங்கள் ஆயத்தம். விதைப்புக்கு முன் முடிவு தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
சமூகவியல் கற்பித்தலிலும் சமூகப் பணி மேற்பார்வையிலும் ஈடுபட்டிருப்போர்,
மட்டக்களப்பு